ஓசூரிலிருந்து ஹமாமாட்சுவுக்கு 7 மணி 40 நிமிடமாம்!

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் நடுவில் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்கிற தளங்கள் நிறைய இருக்கின்றன, அதில் கூகுளில் தேடினால் மேலேயே வந்து நிற்கிற ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓசூரில் இருக்கும் அத்தையையும் மாமாவையும் ஜப்பானில் ஹமாமாட்சுவில் வேலை பார்க்கும் மகளிடம் அனுப்பி வைக்கும் பொறுப்பு, பெங்களூரில் இருப்பதால் என் தலையில் விழுந்தது.

தூரம் சரி. ஏறக்குறைய 6,470 கி.மீ. என்று காட்டுகிறது, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்துத்தான் போடுகிறார்கள், நானும் அட்சரேகை தீர்க்கரேகை வைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒத்துப்போகிறது. ஆனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம்: சேலம் என்று அடித்தால் அமெரிக்காவின் ஓரிகனில் இருக்கும் சேலம்தான் முதலில் வருகிறது.

நேரத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்து, 7 மணி 40 நிமிடம் என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். ஓசூரில் பயணிகள் விமானம் ஏது? ஹமாமாட்சுவில் இருப்பதும் விமானப்படைத் தளம்தான். மாமா இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாடு மகள் வீட்டில் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார்.

நிஜம் என்னவென்றால், ஓசூரிலிருந்து பெங்களூரின் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேரவே 3 மணி நேரம் ஒதுக்க வேண்டும், அங்கே 3 மணி நேரம் முன்னாலேயே இருக்க வேண்டும், டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு ஜப்பான் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தில் போனால் சுமார் 8 மணி நேரம், அப்புறம் இமிகிரேஷன், பெட்டி, டோக்கியோ நகருக்குள் ஒரு ரயில், அங்கிருந்து ஷிங்கன்சென் என்ற புல்லட் ரயிலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அதிலும் வேகமான நொசோமி ரயில் ஹமாமாட்சுவில் நிற்காது, அங்கே நிற்கிற ஹிக்காரியோ கொடாமாவோதான் பிடிக்க வேண்டும். கூட்டினால் 18 மணி நேரத்துக்குக் குறையாது. இதில் ஜப்பான் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதையும் தளம் சொல்வதில்லை.

திரும்பி வருவதற்கும் அதே 7 மணி 40 நிமிடத்தைக் காட்டுகிறதே, அதுதான் எனக்குக் கோபம். மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் ஜெட் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். குளிர்காலத்தில் இன்னும் மோசம், திரும்பும் பயணம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடிவிடும். முழங்கால் வலிக்காரரை உட்கார வைத்து அனுப்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா?

ஐந்துக்கு இரண்டரை தருவேன், அதுவும் தூரத்துக்காக. நேரத்துக்கு, ஊர்ப் பெயரை விட்டுவிட்டு விமான நிலையத்தின் பெயரைப் போட்டு விமான நிறுவனத்தின் அட்டவணையிலேயே பாருங்கள். நாங்கள் கடைசியில் சிங்கப்பூர் வழியாக, ஹமாமாட்சுவுக்குப் பக்கமான நகோயாவுக்கு டிக்கெட் போட்டோம், நேரம் கூடத்தான் ஆகும், ஆனால் டோக்கியோ ஸ்டேஷன் கூட்டத்தில் பெட்டியோடு அலைய வேண்டாம், அத்தை மகளும் நகோயா விமான நிலையத்துக்கே வந்துவிடுவாள். வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.