டிக், என்எஸ்லுக்அப், ஹோஸ்ட்: டொமைன் விவரம் பார்க்க எது கைகொடுக்கும்?

ஹோஸ்டிங் மாற்றினால் மறுநாள் போன் வரும். "தம்பி, எனக்குப் புது சைட் தெரியுது, மன்னார்குடியில மச்சானுக்குப் பழசுதான் வருதாம்." நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடையானாலும் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக் கடையானாலும் கேள்வி இதுதான். ப்ரவுஸரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துப் பயனில்லை, டொமைன் பெயருக்கு எந்த ஐபி (சர்வரின் எண் முகவரி) என்று சொல்லும் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க உதவும் கமாண்டுகள்தான் டிக், என்எஸ்லுக்அப், ஹோஸ்ட்.

என்எஸ்லுக்அப்பின் பலம், அது விண்டோஸிலேயே இருப்பது. பில் போடும் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறக்கச் சொல்லி, "இதை அடிங்கண்ணே" என்று போனிலேயே சொல்லிவிடலாம். அந்த ஊரில், அந்த இணைப்பில் என்ன ஐபி வருகிறது என்று அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. 'நான்-அதாரிடேட்டிவ் ஆன்ஸர்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். இடையில் உள்ள ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ்ஸில் கேட்டு, பதிலைக் கொஞ்ச நேரம் சேமித்து வைத்திருக்கும் சர்வர்) தந்த பதில், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் இன்னும் எவ்வளவு நேரம் செல்லும் என்பதை டீபக் (விவரமாகக் காட்டச் சொல்லும் ஆப்ஷன்) போடாமல் அது காட்டாது.

ஹோஸ்ட் கமாண்டுக்கு டொமைன் பெயரை மட்டும் கொடுத்தால் ஐபியும் மெயில் சர்வரும் சில வரிகளில் வந்துவிடும். அவசரத்துக்குப் போதும்.

என் ஓட்டு டிக்குக்கு. காரணம் டிடிஎல், அதாவது ஒரு பதிலை எத்தனை விநாடி சேமித்து வைக்கலாம் என்ற எண். ஒரு முறை அடித்தால் ஐபிக்கு முன்னால் 2710 என்று இருக்கும். கொஞ்சம் பொறுத்து அடித்தால் 2695. ரிசால்வர் அந்தப் பழைய பதிலை இன்னும் எத்தனை விநாடி வைத்திருக்கும் என்ற கணக்கு அது. கடைக்காரரிடம் "இன்னும் முக்கால் மணி நேரம் பொறுங்கண்ணே" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. 'அட்' (@) குறி போட்டு டொமைனின் சொந்த நேம்சர்வரையே (அதன் அசல் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) கேட்டால் எண் குறையாமல் முழுசாக வரும், ஃப்ளாக்ஸ் வரியில் அசல் பதில் என்பதற்கு அடையாளமாக 'ஏஏ' இருக்கும். அங்கே புது ஐபி வந்துவிட்டால் நம் பக்கம் வேலை முடிந்தது.

டிக்கோடு ப்ளஸ் ட்ரேஸ் (+trace) என்று சேர்த்தால் டிஎன்எஸ்ஸின் உச்சியில் உள்ள ரூட் சர்வரிலிருந்து படிப்படியாக இறங்கிவரும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லையென்றால் கல்லணையிலிருந்து மதகு மதகாகப் பார்த்துக்கொண்டு வருவோமே, அதே வேலை. எந்த இடத்தில் தவறான நேம்சர்வர் இருக்கிறது என்று பிடிபடும். ஆனால் ட்ரேஸ் ரிசால்வரின் சேமிப்பைத் தாண்டிப் போய்விடுவதால், மன்னார்குடி மச்சான் என்ன பார்க்கிறார் என்பதை அது சொல்லாது. அதற்கு என்எஸ்லுக்அப்பே சரி.

டிக்குக்கு ஒரு குறை, விண்டோஸில் கூடவே வராது. அதைத் தரும் பைண்ட் மென்பொருளும் 9.16 வரிசையோடு விண்டோஸை விட்டுவிட்டது. மேக்கில் டிக் இருக்கிறது, உபுண்டுவில் பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ் பேக்கேஜில் கிடைக்கும்.

இப்போதெல்லாம் டிடிஎல் 86400 என்று இருந்தால், ஹோஸ்டிங் மாற்றுவதற்கு ஒரு முழு நாள் முன்பே அதை 300 ஆக்கிவிடுகிறேன். டிக்கில் 300க்கு மேல் எண் வராதபோதுதான் ஐபியில் கை வைக்கிறேன்.