தானே புயல் பலாவும் ஐப்பசி மாத இழுப்பறையும்

நண்பர் தன் கொல்லையில் நிற்கும் பலாவை வெட்டப் போகிறாராம். பச்சையாகவே அறுத்து, வீட்டிலேயே காயவைத்து மேசை செய்யலாமா என்று போன வாரம் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் பலா மேசையின் இழுப்பறை மறுபடியும் இறுகிப்போனது. மூக்குக் கண்ணாடி உள்ளே மாட்டிக்கொண்டது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா நட்டு பேரன் காய் பறித்த மரங்கள். பொங்கல் கழிந்ததும் ஒரு சா மில்லுக்குப் போய், ஓர் அடிமரத்தை இரண்டு அங்குலப் பலகையாக அறுக்கச் சொன்னேன். எட்டுப் பலகை தேறியது. பிறத்தியார் இழப்பில் வாங்குகிறோமே என்ற உறுத்தல் இருந்தது. வாங்காமலும் வரவில்லை.

ரம்பத்திலிருந்து வரும்போது பலா பளீரென்ற மஞ்சள். மஞ்சள் கிழங்கை நறுக்கியதுபோல இருக்கும். புத்த பிக்குகளின் காவி உடைக்கு இந்த வைரத்தை, அதாவது மரத்தின் நடுவிலிருக்கும் கெட்டியான கட்டையை, கொதிக்கவைத்துத்தான் சாயம் எடுத்தார்கள். வெளிச்சம் படப்பட அது தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். என் மேசை இன்றைக்கு நல்ல பனைவெல்ல நிறத்தில் இருக்கிறது. மேலே இதுவரை எந்தச் சாயமும் பூசவில்லை.

காயவைத்த கதை இது. காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையில் செங்கல் வைத்து உயர்த்தி, பலகைக்குப் பலகை காற்றுப் போக ஓர் அங்குல ரீப்பர் சட்டம் கொடுத்து அடுக்கினேன். ரீப்பர்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். விலகினால் பலகை அலைபோல நெளியும். மேலே அம்மியும் ஆட்டுக்கல்லும் பாரம். இரண்டு முனைகளிலும் மிச்சமிருந்த கேட் பெயிண்டைக் கனமாக அடித்தேன். மரம் முனை வழியாகத்தான் அவசரமாக ஈரத்தை விடும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். பெயிண்ட் தீர்ந்துபோன ஒரே பலகை ஒரு முழம் வெடித்தது.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு துண்டை மாதாமாதம் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன். 4 கிலோ 100 கிராமில் தொடங்கி, ஒன்றரை வருடத்தில் 2 கிலோ 700-க்கு வந்து நின்றது. கடைக்காரர் கடைசிவரை ஏன் என்று கேட்கவில்லை. வெளிப்பக்க வெள்ளையை வண்டு மாவாக்கியது. வைரத்தைத் தொடவில்லை. ஒரு பலகை இழைக்கும்போது குறுக்கே மளுக்கென்று ஒடிந்தது. காற்று வளைத்துச் சாய்த்த மரத்தில் நார் உள்ளுக்குள் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. நண்பர் வெட்டப் போவது நிற்கிற மரம், அந்தக் கவலை வேண்டாம்.

சரி, இழுப்பறை. சித்திரையில் செய்தேன். இடைவெளியே தெரியாமல் பொருத்தியதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. பக்கத்துத் தெரு ஆசாரி பார்த்துவிட்டு, "சந்து விட்டு வை தம்பி, மழைக்காலத்துல மரம் தண்ணி குடிக்கும்" என்றார். கேட்டேனா? மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் விரியும் சுருங்கும். அதிலும் மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டி அறுத்த பலகை, வளையத்துக்குக் குறுக்கே அறுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு அசையும். என் இழுப்பறை முழுக்க முதல் வகை.

ஐப்பசியில் இறுகியது. அடைமழையிலேயே இழைப்புளியை எடுத்துச் சீவினேன். பங்குனியில் பென்சில் நுழையும் சந்து. வருகிறவர்கள் கண்ணில் படுமே என்று ஒரு மெல்லிய சீவலை ஒட்டினேன். அடுத்த ஐப்பசியில் மறுபடி இறுகியது. அதிலிருந்து வருடத்தில் இரண்டு மாதம் அந்த இழுப்பறை எனக்குச் சொந்தமில்லை. சீவலைப் பிய்த்தால் தீர்ந்துபோகும். பிய்க்க மனம் வரவில்லை, அழகாக ஒட்டியிருக்கிறேன்.

மேசை ஆடவில்லை, வளையவில்லை. கரையான் பக்கத்து அலமாரியைத் தின்றது, இதை விட்டுவிட்டது. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். வெட்டிய மரத்தை மிருதங்கக் கட்டைக்கு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, காய்ந்த மரமாக மரவாடியில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கொட்டகையில் மூன்று பலகை மிச்சமிருக்கிறதே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தரமாட்டேன்.