டிஜிட்டல் வெல்பீயிங்: டைமரை விடுங்கள், நோட்டிஃபிகேஷன் கணக்கைப் பாருங்கள்

போன் நேரத்தைத் தின்கிறது என்று உறைத்ததும், அதைக் குறைக்க இன்னொரு ஆப்பைத் தேடிப் பதிவிறக்குபவர்கள்தான் அதிகம். அவசியமே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து கீழே தள்ளினால் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ ஏற்கெனவே இருக்கிறது. 2018-ல் கூகுள் அறிமுகப்படுத்தியது. இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது. போன் நிறுவனத்துக்கு ஏற்ப மெனுப் பெயர்கள் கொஞ்சம் மாறும், சரக்கு ஒன்றுதான்.

திறந்ததும் வண்ண வட்டம் ஒன்று வரும். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்பதை அது காட்டும். பார்த்து ஒரு பெருமூச்சு விடலாம், அதற்கு மேல் பயனில்லை. அதற்குள் இருக்கும் டாஷ்போர்டுதான் விஷயம். அங்கே மேலே ‘ஸ்கிரீன் டைம்’ என்றிருப்பதைத் தட்டி ‘வந்த நோட்டிஃபிகேஷன்கள்’ என்று மாற்றுங்கள். இப்போது பட்டியலின் வரிசையே மாறிவிடும். அதிக நேரம் தின்னும் ஆப்பும் அதிகம் கூப்பிடும் ஆப்பும் பெரும்பாலும் வேறுவேறு. நாம் போனைக் கையில் எடுப்பது கூப்பிடும் ஆப்பால். எடுத்த பிறகு எங்கே போய் மாட்டிக்கொள்கிறோம் என்பது அடுத்த கதை.

பட்டியலின் முதல் ஐந்து ஆப்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தட்டி அதன் நோட்டிஃபிகேஷன் அமைப்புக்குள் போனால் வகைவகையாகப் பிரித்துக் காட்டும். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த வசதி உண்டு. ஒரு ஷாப்பிங் ஆப்பில் ‘ஆர்டர் நிலவரம்’, ‘ஆஃபர்கள்’, ‘உங்களுக்கான பரிந்துரை’, ‘கூடையில் விட்டவை’ என்று நான்கு இருந்தால், முதலாவதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அணையுங்கள். ‘சைலன்ட்’ ஆக்குவது போதாது. சத்தம்தான் நிற்கும், மேலிருந்து இழுத்தால் குவியல் அப்படியே கிடக்கும்.

இதில் இரண்டு சிக்கல் வரும். சில ஆப்கள் ஆஃபரையும் ஆர்டர் செய்தியையும் வேண்டுமென்றே ஒரே வகைக்குள் போட்டுவைத்திருக்கும். அணைத்தால் பார்சல் வருவதும் தெரியாமல் போகும். அப்படிப்பட்டவற்றில் ஆப்பின் சொந்த செட்டிங்ஸுக்குள் போய்த் தேட வேண்டும். இரண்டாவது, அப்டேட்டில் புது வகை ஒன்று முளைக்கலாம், அது பெரும்பாலும் ஆன் ஆகவே வரும். மாதம் ஒருமுறை டாஷ்போர்டைப் பார்த்தால் சிக்கிவிடும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து புதிதாக நிறுவும் ஆப்கள் அனுமதி கேட்டே நோட்டிஃபிகேஷன் அனுப்ப முடியும். கேட்கும்போதே மறுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

வாட்ஸ்அப் குழுக்களுக்கு இந்த வகைப் பிரிப்பு உதவாது. குழுவை ‘எப்போதும்’ மியூட் செய்து ஆர்கைவில் போடுவதுதான் வழி. புதுச் செய்தி வந்தாலும் மேலே ஏறி வராது. கூடவே மீடியா ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்திவிடுங்கள், கேலரியில் காலை வணக்கப் படங்கள் குவிவது அத்தோடு ஒழியும்.

இனி ஆப் டைமர். இந்தக் கருவியின் பலவீனமான பகுதி இதுதான். ஓர் ஆப்புக்கு 30 நிமிடம் என்று வைத்தால், முடிந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகி ஆப் திறக்காது. நள்ளிரவில் கணக்கு மறுபடி பூஜ்ஜியம். ஆனால் டைமரை நீக்க பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை. பூட்டும் நம் கையில், சாவியும் நம் கையில். அதே தளத்தை பிரௌசரில் திறந்தாலோ டைமருக்குத் தெரியவே தெரியாது. குரோமில் தளத்துக்கென்று தனியாக டைமர் வைக்கலாம், அதுவும் இன்காக்னிட்டோவில் (பார்த்த தளங்களைப் பதிந்துவைக்காத ஜன்னல்) செல்லாது. இந்த விஷயத்தில் ஐபோனின் ஸ்கிரீன் டைம் மேல். அதற்கு பாஸ்கோடு உண்டு, அதை வீட்டில் வேறொருவரைப் போடச் சொன்னால் நிஜமாகவே தடுக்கும்.

டிஜிட்டல் வெல்பீயிங்கிலேயே இருக்கும் ஃபோகஸ் மோடு, டைமரைவிடப் பல மடங்கு உருப்படி. எந்த ஆப்கள், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறித்துவிட்டால் அந்த நேரத்தில் அவை திறக்காது, அவற்றின் நோட்டிஃபிகேஷனும் வராது. நடுவில் தேவைப்பட்டால் 5, 15, 30 நிமிட இடைவேளை எடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: வாட்ஸ்அப்பை இதில் சேர்த்தால் அதில் வரும் அழைப்பும் தெரியாமல் போகும். வயதானவர்கள், குழந்தைகள் அந்த வழியாகக் கூப்பிடும் வீடுகளில் அதைச் சேர்க்க வேண்டாம். குழுக்களை மியூட் செய்ததே போதும்.

மின்னஞ்சல் பெட்டிக்குள் நடப்பதில் இந்தக் கருவி கை வைக்காது, அதை ஜிமெயிலிலேயே தனியாகப் பார்க்க வேண்டும். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பும் நிறுவனங்கள் ஒரே தட்டலில் விலகும் வசதியை விளம்பர மின்னஞ்சலில் தர வேண்டும், இரண்டு நாளுக்குள் பெயரை நீக்கவும் வேண்டும் என்பது 2024-ல் வந்த கூகுளின் விதி. அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ‘அன்சப்ஸ்கிரைப்’ இருந்தால் அதைத் தட்டுங்கள். முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்த கடிதம் என்றால் உள்ளே இருக்கும் விலகல் இணைப்பைத் தொடாதீர்கள், முகவரி உயிரோடு இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். ‘ஸ்பேம்’ என்று புகார் செய்துவிடுங்கள்.