காலணி அலமாரியில் சர்வர், மீன்கடையில் லேஸிடாக்கர்

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் காலணி அலமாரி. அதன் மேல்தட்டில், ஃபைபர் இணைப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், கையடக்க மினி பிசி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமியாருக்கு அது "பெட்டி". உள்ளே டாக்கரில் பதினொரு கண்டெய்னர்கள். கண்டெய்னர் என்றால் ஒரு நிரலை அதற்குத் தேவையானதோடு தனியாக அடைத்துவைத்த டப்பா; அவற்றை ஓட்டுவது டாக்கர். படம் பார்க்க ஜெல்லிஃபின், குடும்பப் புகைப்படங்களுக்கு இமிச், விளம்பரத்தைத் தடுக்கப் பை-ஹோல், மற்றதெல்லாம் இவற்றுக்குத் துணை. மாமனார் 90களில் வீடியோ கேமராவில் பிடித்த கேசட்டுகளை எல்லாம் கோப்பாக மாற்றி அதில்தான் வைத்திருக்கிறேன். மாமியாருக்கு மாலையில் அதுதான் டிவி.

இந்தப் பதினொன்றையும் ஒரே திரையில் பார்த்து மேய்க்க நான் வைத்திருக்கும் கருவி லேஸிடாக்கர். மூன்று வருடப் பழக்கம். நல்லதும் கெட்டதும் கொஞ்சம் சேர்ந்துவிட்டதால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் இதற்கு வந்த வழி அலுவலகம். 2021 ஆகஸ்ட் கடைசியில், டாக்கரைப் பட்டன் அழுத்தி ஓட்ட உதவும் டாக்கர் டெஸ்க்டாப் செயலியின் உரிமம் மாறியது. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற, அல்லது ஆண்டு வருமானம் ஒரு கோடி அமெரிக்க டாலரைத் தாண்டிய நிறுவனம் என்றால் காசு கட்ட வேண்டும். எங்களுக்கும் "எல்லோரும் அதை நீக்கிவிடுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கண்டெய்னர்களை ஓட்டுகிற டாக்கர் எஞ்சின் இலவசமாகவே இருந்தது. போனது அந்தப் படப்பலகைதான். பட்டனை அழுத்திப் பழகிய கை, கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் "டாக்கர் பிஎஸ்", "டாக்கர் லாக்ஸ்" என்று தட்டித் தட்டி ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. பக்கத்து இருக்கைத் தம்பி தன் திரையைத் திருப்பிக் காட்டினான்: "அக்கா, இதைப் பாருங்க."

அதுதான் லேஸிடாக்கர். ஜெஸ்ஸி டஃபீல்ட் என்பவர் கோ என்ற நிரல்மொழியில் எழுதி 2019இல் வெளியிட்டது. நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டுக்கான லேஸிகிட்டும் அவர் கைவேலைதான். ஒரே ஒரு கோப்பு. இறக்கி வைத்தால் ஓடும். காசில்லை. திறந்தால் டெர்மினலே பாகம் பாகமாகப் பிரிந்துகொள்கிறது. இடப்பக்கம் கண்டெய்னர், இமேஜ் (கண்டெய்னரை வார்க்கும் அச்சு), வால்யூம் (தரவு தங்கும் இடம்), நெட்வொர்க் என்று அடுக்கு. எதன் மேல் நிற்கிறீர்களோ அதன் சங்கதி வலப்பக்கம். சதுர அடைப்புக்குறிகளை அழுத்தினால் அந்த வலப்பக்கம் லாக் (நடந்தவற்றின் பதிவு), சிபியு-மெமரி வரைபடம், கான்ஃபிக் (அமைப்புகள்) என்று மாறிக்கொண்டே போகும். ஆர் அழுத்தினால் மறுதொடக்கம், எஸ் அழுத்தினால் நிறுத்தம், பெரிய இ அழுத்தினால் கண்டெய்னருக்குள்ளேயே கட்டளை தட்ட ஒரு ஷெல். எல்லாம் மறந்துபோனால் எக்ஸ். பட்டியல் வந்து நிற்கும்.

எனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று. நீக்குவதற்கு டி அழுத்தினால் வருகிற தேர்வுகளுக்குப் பக்கத்திலேயே அது எந்த டாக்கர் கட்டளைக்குச் சமம் என்று எழுதிக் காட்டுகிறது. தெரிந்தவர் வழி சொல்லும்போது தெருப் பெயரையும் சேர்த்துச் சொல்வது மாதிரி. இது இல்லாத இடத்தில் நான் திண்டாடாமல் இருப்பதற்குக் காரணம் அந்த வரிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததைச் சொல்கிறேன். தேக்கா சந்தையில், மீன்கடை வரிசையில் நிற்கிறேன். போன் அடிக்கிறது.

"ஏம்மா, பெட்டி படம் காட்ட மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு."

"அஞ்சு நிமிஷம் அத்தை."

ஒரு கையில் கூடை. மறு கையில் போன். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கை எட்ட உதவும் டெயில்ஸ்கேல் வழியாக உள்ளே நுழைந்து, தொலைவிலிருந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்எச் செயலியில் லேஸிடாக்கரைத் திறந்தேன். போன் திரையில் எல்லாப் பாகமும் நசுங்கிப்போய் எதையும் படிக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டல் குறியை அழுத்தினால் நிற்கிற பாகம் மட்டும் பெரிதாகும். அது தெரியாவிட்டால் போனில் இதைத் திறக்கவே வேண்டாம். விரலால் தொட்டாலும் கேட்கிறது. ஜெல்லிஃபின் லாக்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப: வட்டில் இடமில்லை.

"அக்கா, தெங்கிரி தலை வேணுமா, வெட்டிப் போட்டுடவா?"

"தலை வேணும்ணே, குழம்புக்கு."

இமேஜ் பகுதிக்குப் போனால் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வாரா வாரம் புது வெர்ஷன் இறங்க, பழையது எல்லாம் பெயரை இழந்து "நன்" என்ற அடையாளத்தோடு வரிசையாகக் கிடக்கிறது. தானாக இறக்க ஏற்பாடு செய்த நான், பழையதைத் தானாகக் கழிக்க ஏற்பாடு செய்யவில்லை. பி அழுத்தி, பயன்படாத இமேஜ்களைக் கழி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 38 ஜிபி திரும்பி வந்தது. ஜெல்லிஃபின் மேல் நின்று ஆர். மீனைப் பையில் போட்டுத் தருவதற்குள் அத்தையிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரல் வந்துவிட்டது.

கட்டளையாகத் தட்டியிருந்தாலும் இதைச் செய்திருக்கலாம்தான். ஆனால் மீன்கடையில் நின்று, போன் கீபோர்டில், ஒரு கட்டைவிரலால் செய்திருக்க மாட்டேன். எல்லாம் ஒரே பார்வையில் கிடப்பதால் இமேஜ் பக்கம் கண் தானாகப் போனது. கட்டளை என்றால் எதைக் கேட்பது என்று முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, என்னை அழவைத்தவை.

முதல் வருடத்தில் ஒருநாள் விடியற்காலை மூன்று மணி வாக்கில் இமிச்சின் டேட்டாபேஸ் செத்துப்போனது. ஏழு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், லாக் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு வரி இல்லை. வட்டு போய்விட்டதா, யாராவது உள்ளே புகுந்து அழித்துவிட்டார்களா என்று இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, அன்றைக்கு வேலைக்கே தாமதம். கடைசியில் பார்த்தால், லேஸிடாக்கர் இயல்பாகக் கடைசி 60 நிமிட லாக்கை மட்டும்தான் காட்டும். கான்ஃபிக் கோப்பில் "சின்ஸ்" என்ற இடத்தில் அப்படி எழுதியிருக்கிறது. லாக் எங்கேயும் போகவில்லை, பத்திரமாக இருந்தது. அந்த இடத்தை வெறுமையாக்கி, "டெயில்" என்பதில் 500 என்று போட்டுவிட்டேன். இறக்கியவுடன் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. ஒரு மணி நேரத்துக்கு மேலே உள்ளதைக் காட்டவில்லை என்று அந்தப் பகுதியில் ஒரு வரி இருந்தால் என் காலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது அந்த ஆர் எழுத்து. நிறுத்தச் சொன்னால் "நிச்சயமா?" என்று கேட்கிறது. மறுதொடக்கத்துக்குக் கேட்பதில்லை, அழுத்தினால் ஆயிற்று. என் தங்கை தன் குழந்தையின் பெயர்சூட்டு விழாப் படங்களை இமிச்சில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வரி தள்ளி நின்றுகொண்டு அழுத்திவிட்டேன். என் தவறுதான். ஆனாலும் அவள் விட மாட்டாள், தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிக் காட்டுவாள்.

ஆரோடு சேர்ந்த இன்னொரு பொறி: எந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் எதையாவது மாற்றிவிட்டு ஆர் அழுத்தினால் மாற்றம் ஏறாது. டாக்கர் மறுதொடக்கம் என்பது பழைய கண்டெய்னரையே திரும்ப எழுப்புவதுதான். கோப்பைப் புதிதாகப் படிக்காது. கண்டெய்னரைக் கலைத்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். கம்போஸ் கோப்பில் உள்ளவற்றைக் காட்டும் சர்வீஸ் பகுதியில் பெரிய ஆர் அழுத்தினால் அந்தத் தேர்வு வரும். இதில் கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கை சின்ன ஆருக்குத்தான் போகிறது. அந்த சர்வீஸ் பகுதியும் கம்போஸ் கோப்பு இருக்கிற ஃபோல்டரில் நின்று திறந்தால்தான் தெரியும்.

அலுவலகச் சர்வர்களில் இதை நான் வைப்பதில்லை. டாக்கருக்குக் கட்டளை போகும் வாசலான டாக்கர் சாக்கெட்டைத் தொட முடிகிற எவருக்கும் அந்த இயந்திரத்தின் ரூட் அதிகாரமே, அதாவது முழு அதிகாரமே, கையில் இருக்கிற மாதிரி. அதன் மேல் ஒற்றை எழுத்தில் வேலை முடிக்கிற கருவி என்றால் எனக்கு வயிறு கலக்குகிறது. அங்கே பல இயந்திரங்களில் கண்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸ். அதற்கு இதே மாதிரி கே-நைன்-எஸ் என்ற கருவி இருக்கிறது, படிக்க மட்டும் என்று திறக்கவும் வழி உண்டு. அப்படித்தான் திறக்கிறேன்.

கடைசியாக, தமிழ். மாமனாரின் கோப்புகளுக்கு நான் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். ஜெல்லிஃபின் லாக்கில் அந்தப் பெயர் வந்தால் போதும், கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, என் டெர்மினலில் வலப்பக்கக் கோடு உடைந்து இரண்டு எழுத்து தள்ளி நிற்கும். தமிழில் ஒரு எழுத்துக்கு எத்தனை கட்டம் இடம் விடுவது என்பதில் டெர்மினலும் அதற்குள் ஓடுகிற நிரலும் ஒத்துப்போவதில்லை. இது லேஸிடாக்கருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பெயரை எல்லாம் ஆங்கில எழுத்தில் மாற்றிவிடு என்று வீட்டுக்காரர் சொன்னார். அத்தை டிவியில் தேடுவது தமிழில். அதனால் "தைப்பூசம் 1994 கொண்டாட்டம்" ஓடும் மாலைகளில் என் திரையில் அந்தக் கோடு கோணலாகத்தான் நிற்கிறது.