ஷமாஷை மறந்த ஹனுக்கா பெட்டி

நியூ ஜெர்சியில் எங்கள் அடுத்த வீட்டு யூதக் குடும்பத்தின் பேரனும் ஏழு வயதான என் மகளும் சேர்ந்து செய்யட்டும் என்று, சென்ற ஹனுக்காவுக்கு (எட்டு நாள் விளக்கேற்றும் யூதத் திருநாள்) இரண்டு வாரம் முன்பு 28 டாலருக்கு ஒரு கைவினைப் பெட்டி வாங்கினேன். தேன்மெழுகுத் தாள்கள், பருத்தித் திரி, மர விளக்குத் தாங்கி, பம்பரங்கள், அவற்றில் ஒட்டுவதற்கான எபிரேய எழுத்துகள் ஆகியவை உள்ளே இருந்தன.

பெட்டியில் கொடுத்த காசுக்கு ஈடு செய்தவை தேன்மெழுகுத் தாள்கள்தாம். தேன்கூட்டின் அறுகோணங்கள் பதிந்த முதல் தாள், டிசம்பர் குளிரில் விறைத்திருந்ததால், சுருட்டியதும் வெடித்தது. அடுத்த வீட்டுப் பாட்டி மற்றவற்றை ஹீட்டருக்கு அருகே சற்று வைத்து இளக்கிக் கொடுத்த பிறகு, குழந்தைகள் திரியை ஓரத்தில் அழுத்தி, உள்ளங்கையால் மெல்ல உருட்டி, ஒரு மாலைக்குள் எல்லா மெழுகுவர்த்திகளையும் முடித்துவிட்டார்கள். இரவு வரை அவர்கள் கைகளில் தேன் மணத்தது.

எண்ணிப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என எட்டாம் நாள் வரை ஏற்றினால் 36 ஆகும். பெட்டியிலும் சரியாக 36க்கான தாள்களே இருந்தன. ஆனால் மற்றவற்றை ஏற்றப் பயன்படும் ஷமாஷ் எனும் துணை மெழுகுவர்த்தி நாளுக்கு ஒன்று தேவை என்பதால் மொத்தம் 44 வேண்டும். தாங்கியிலும் இதே மறதிதான்: ஒன்பது குழிகளும் ஒரே மட்டத்தில் வரிசையாக இருந்தன. எட்டுச் சுடர்களின் ஒளியை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதாலேயே ஷமாஷ் உயர்ந்தோ விலகியோ நிற்கவேண்டும் என்று பாட்டி விளக்க, நாங்கள் நடுவில் ஒரு காலி நூல்கண்டுக் கட்டையை ஒட்டி உயர்த்தினோம். மரம் கருகாமலிருக்க ஒவ்வொரு குழியிலும் இரும்பு நட்டு ஒன்றைப் பதித்ததும் எங்கள் செலவுதான். வலமிருந்து இடமாக அடுக்கி, புதிதாகச் சேர்த்ததை முதலில் ஏற்றவேண்டும் என்பதைச் செய்முறைத்தாள் சரியாகவே சொல்லியிருந்தது.

பம்பரம் நன்றாகச் சுற்றியது; எழுத்துகள்தான் சண்டை மூட்டின. அடிப்பகுதியில் ஒரு சிறு பிளவு தவிர நூன், கிமெல் என்ற இரண்டு எபிரேய எழுத்துகளுக்கும் வேறுபாடு குறைவு; நம் பிள்ளைகள் இரண்டு சுழி, மூன்று சுழியில் தடுமாறுவது போலத்தான். கிமெல் விழுந்தால் நடுவிலுள்ள சாக்லேட் காசுகள் முழுவதும் கிடைக்கும், நூன் விழுந்தால் ஒன்றுமில்லை என்னும் ஆட்டத்தில், அந்தப் பிளவு தெரியாத அளவுக்கு எழுத்தைத் தடிமனாக அச்சிட்டிருப்பதை மன்னிக்க முடியவில்லை. கறுப்புப் பேனாவால் ஒவ்வொரு கிமெலுக்கும் நானே கால் வரைந்தேன்.

அடுத்த முறை தேன்மெழுகுத் தாளை மட்டும் தனியாக வாங்குவேன். குறைந்த எட்டுக்கு மளிகைக் கடையின் சாதாரண ஹனுக்கா மெழுகுவர்த்திப் பெட்டி கைகொடுத்தது. அதில் 44 இருந்தன.