கடல் சூட்டைத் தாங்குவது கொம்புப் பவளமா, உருண்டைப் பவளமா?

பினாங்கிலிருந்து பாயார் தீவுக்குப் போகும் நம்மாட்கள் படமெடுப்பது மான்கொம்பு மாதிரி கிளைவிடும் கொம்புப் பவளத்தைத்தான். அழகுதான், சரி, வருடத்துக்கு 10 செ.மீ. வரைகூட வளரும், ஆனால் கடல் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடி நாலு வாரம் நீடித்தாலே, உள்ளே இருந்து சோறு போடும் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்து, பல நேரம் செத்தே போகும். 2010-இல் அப்படி வெளுத்தபோது அங்கே டைவிங் இடங்களைக்கூட மூடினார்கள்.

உருண்டையாக வளரும் போரைட்டஸ் என்ற பவளம் பார்க்க ஆட்டுக்கல் மாதிரி. வளர்ச்சி வருடத்துக்கு 1 செ.மீ. சொச்சம்தான். ஆனால் சதை தடிமன், வெளுத்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். என் ஓட்டு இதற்கே. கரியமில வாயு கரைந்து கடலின் அமிலத்தன்மை கூடும்போது மட்டும் இதுவும் தப்பாது: உயரம் கூடிக்கொண்டே இருக்கும், உள்ளே எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைந்துகொண்டே போகும்.