கல்யாண ஆல்பம் வேலைக்கு எந்த லேப்டாப் திரை? எல்ஜி, ஏயுஓ, பிஓஇ, இன்னோலக்ஸ், சாம்சங்

நாகர்கோவிலில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துப் பிழைக்கிற எனக்கு லேப்டாப் என்றால் முதலில் திரை, மற்றதெல்லாம் பிறகுதான். கடைகளில் நிலைமை தலைகீழ். பிராசசரைப் பற்றி விலாவாரியாகப் பேசுகிறவர்கூடத் திரை என்று வந்ததும் 'ஃபுல் எச்டி, கண் கூசாது' என்று முடித்துக்கொள்வார். யார் செய்த திரை என்று கேட்டால் லேப்டாப் மூடியில் எழுதியிருக்கும் பெயரையே திருப்பிச் சொல்வார்.

டெல், எச்பி, லெனோவோ, ஏசர் எல்லாருமே திரையை வெளியே வாங்கித்தான் பொருத்துகிறார்கள். செய்து கொடுப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொரியாவில் எல்ஜி டிஸ்ப்ளேயும் சாம்சங் டிஸ்ப்ளேயும். தைவானில் முன்பு ஏயு ஆப்ட்ரானிக்ஸ் எனப்பட்ட ஏயுஓவும் இன்னோலக்ஸும். சீனாவில் பிஓஇ, சிஎஸ்ஓடி. ஜப்பானில் ஷார்ப். ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு பெட்டிக்குள் ஏயுஓ இருக்கும், பக்கத்துப் பெட்டிக்குள் பிஓஇ இருக்கும். மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரும் நானும் ஒரே மாடலைத்தான் வாங்கினோம். இரண்டையும் ஒரு மேசையில் வைத்து ஒரே படத்தைத் திறந்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது.

உங்களிடம் இருப்பது எது என்று பார்க்கத் திரையைக் கழற்ற வேண்டியதில்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், மானிட்டர் என்ற தலைப்பின் கீழ் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். முதல் மூன்று எழுத்துகள் செய்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்ஜிடி, ஏயுஓ, பிஓஇ ஆகியவை பார்த்ததுமே புரியும். சிஎம்என் என்று இருந்தால் இன்னோலக்ஸ். 2010இல் சி மெய் நிறுவனத்தோடு இணைந்ததன் அடையாளம் அது. எஸ்டிசி என்றால் சாம்சங். சில லேப்டாப்புகளில் மட்டும் விற்பவர் தம் பெயரையே எழுதி வைத்திருப்பார். அப்போது திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் கதி.

என் லேப்டாப்பின் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு ஒன்று விழுந்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. நல்ல பேனல், அதாவது திரைத் தகடு ஒன்றை வாங்கி மாட்டுவது, அல்லது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் சாம்சங் ஓஎல்இடி திரையுள்ள புது லேப்டாப்புக்கு மாறுவது. நான் பேனலை மாற்றினேன். மாட்டியது இன்னோலக்ஸ். எனவே என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பக்கவாட்டில் நிறம் மாறும் டிஎன் வகைத் திரையையும் 1366க்கு 768 புள்ளிகளே கொண்ட திரையையும் நம் வேலைக்கு எண்ணியே பார்க்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறாத ஐபிஎஸ் வகை எல்லாரிடமும் இருக்கிறது. ஏயுஓ அதை ஏஎச்விஏ என்றும் பிஓஇ ஏடிஎஸ் என்றும் அழைக்கின்றன. பெயர்தான் வேறு, பார்க்கும் கோணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் நிறத்தில்தான். மலிவான ஃபுல் எச்டி பேனல்களின் விவரத் தாளில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953ஆம் ஆண்டின் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி அளவுகோல். அதில் 72 சதவீதம் வந்தால் நாம் அன்றாடம் புழங்கும் எஸ்ஆர்ஜிபி வண்ணப் பரப்பு ஏறக்குறைய முழுதாகக் கிடைக்கும். 45 என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது.

இது நம் மாவட்டத்து ஆல்பங்களில் எப்படித் தெரியும்? இங்கே ஒரு வாரம் தேவாலயத் திருமணம், மறு வாரம் மண்டபத்தில் தாலிகட்டு. தேவாலயத்தில் மணப்பெண்ணுக்கு வெள்ளைப் பட்டு. நீலம் பாய்ந்த திரையில் அந்த வெள்ளை, சலவை நீலம் போட்டதுபோல் தெரியும். ஆனால் இதைச் சரிசெய்துவிடலாம். கலர் அளவிடும் கருவியைத் திரையில் வைத்து வெள்ளையின் சமநிலையைத் திருத்தினால் 45 சதவீதத் திரையும் ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிடும்.

சிவப்புக்கு அந்த வழி இல்லை. அரக்குச் சிவப்புக் கூறைச்சேலை மலிவுத் திரையில் செங்கல் நிறமாகத்தான் தெரியும். நெற்றிக் குங்குமம் ஆரஞ்சுப் பக்கம் நகரும். எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் அந்தச் சிவப்பை வரவழைக்க முடியாது, ஏனென்றால் அது அந்தப் பேனலின் வீச்சுக்குள் கிடையாது. திரையை நம்பிச் சிவப்பை ஏற்றினால், லேபிலிருந்து வரும் அச்சில் சேலையின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே சிவப்பு அப்பலாக நிற்கும்.

அதனால் 72 சதவீதத்துக்குக் குறைவான பேனல் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் கடைக்குப் போனேன். "பிஓஇ இருக்கிறது, ஏயுஓ இருக்கிறது, எது வேண்டும் அண்ணாச்சி?" என்றார் திரை மாற்றித் தரும் தம்பி. இரண்டின் முதுகையும் திருப்பிக் காட்டச் சொன்னேன். இரண்டுமே 45 சதவீத வகையின் மாடல் எண்கள். பிஓஇ என்றாலே மட்டம் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அது நியாயமில்லை. விலை உயர்ந்த லேப்டாப்புகளில் அவர்களின் அருமையான திரைகள் வருகின்றன. உதிரியாகக் கடைகளில் தொங்குவது அவர்களின் மலிவுச் சரக்கு, அவ்வளவுதான். ஏயுஓவும் அப்படியே. பி156எச்ஏஎன் என்று தொடங்கும் வரிசைக்குள்ளேயே 45உம் உண்டு, 72உம் உண்டு. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வரை பார்த்தால்தான் தெரியும். நண்பரின் லேப்டாப்பில் இருப்பது 72 சதவீத ஏயுஓ. தோல் நிறத்தை அது காட்டும் விதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அன்று கடையில் அது கிடைத்திருந்தால் அதையே மாட்டியிருப்பேன். எல்ஜி பேனலில் நான் வேலை செய்தது குறைவு. பார்த்த வரையில் வெள்ளை சீராக இருந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

நான் வரவழைத்தது இன்னோலக்ஸின் என்156எச்சிஇ-இஎன்1. 72 சதவீதம், ஒளி அளவு 300 நிட்ஸ், மேட் பூச்சு. புதுத் தயாரிப்பு அல்ல, சில ஆண்டுகளாகவே சந்தையில் இருக்கும் எண். ஒரே எழுத்து மாறி எச்சிஏ என்று வாங்கிவிட்டால் 45 சதவீதம் கைக்கு வந்துவிடும், எச்சரிக்கை. மாட்டியதும் முதலில் திறந்தது ஒரு தாலிகட்டுப் படம். பட்டின் சிவப்புக்குள் இருந்த மெரூன் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. பழைய திரையில் அவை இருந்ததே தெரியாது. குறையும் உண்டு. இருட்டறையில் கறுப்புப் படம் வைத்தால் கீழ் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது. முட்டம் கடற்கரையில் அவுட்டோர் எடுத்துவிட்டு அங்கேயே மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட 300 நிட்ஸ் போதாது, காருக்குள் போய் உட்கார வேண்டும்.

அழகு என்று மட்டும் பார்த்தால் சாம்சங் ஓஎல்இடிக்கு முன்னால் இது நிற்காது. சாம்சங் 2022இல் பின்னொளியில் இயங்கும் எல்சிடி திரைகளின் தயாரிப்பையே நிறுத்திவிட்டு ஓஎல்இடி பக்கம் போய்விட்டது. அதில் கறுப்பு என்றால் கறுப்பு, மாப்பிள்ளையின் கோட்டில் ஒவ்வொரு தையலும் தெரியும். அப்படியிருந்தும் நான் போகாததற்குக் காரணம் ஒன்றுதான்: உடைந்தால் என்ன செய்வது?

15.6 அங்குல ஃபுல் எச்டி எல்சிடி பேனல்களில் பெரும்பாலானவை 30 பின் கனெக்டர் கொண்டவை. நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ், தொடுதிரை இல்லாதது என்றால் அநேகமாக அதுதான். கனெக்டர் ஒத்து, அளவும் ஒத்தால் இன்னோலக்ஸ் போன இடத்தில் ஏயுஓ உட்காரும், பிஓஇ உட்காரும், எல்ஜியும் உட்காரும். நான்கு நிறுவனங்கள் போட்டிபோட்டுச் செய்யும் பொருள் என்பதால் ஒன்று சந்தையை விட்டுப் போனாலும் இன்னொன்று கிடைக்கும். பார்க்க வேண்டியவை மூன்று. 30 பின்னா 40 பின்னா என்பது முதலாவது. 144 ஹெர்ட்ஸ் பேனல்கள் பெரும்பாலும் 40. இரண்டாவது அகலம்: பழைய பேனல்கள் ஏறத்தாழ 359 மில்லிமீட்டர், ஓரம் மெலிந்த புதியவை 350. மூன்றாவது, ஸ்க்ரூ மாட்டும் காதுகள் உண்டா, அல்லது பசை நாடாவால் ஒட்டும் வகையா என்பது. இந்த மூன்றும் பொருந்தினால் அரைமணி நேர வேலை. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கைபழகிய யாரும் செய்துவிடுவார்கள். பொருள் கையிருப்பில் இல்லையென்றாலும் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்துவிடலாம்.

ஓஎல்இடியில் கண்ணாடியும் பேனலும் ஒன்றாக ஒட்டி வரும் மாடல்கள் நிறைய. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்த முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். நான் விசாரித்த மாடலுக்கு அந்தத் தொகுதியின் விலை லேப்டாப் விலையில் பாதியை நெருங்கியது. வந்துசேரும் நாளையும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. சித்திரை, ஆவணி முகூர்த்தக் காலத்தில் திரையில்லாமல் ஒரு வாரம் உட்கார்ந்தால் அந்தப் பருவத்து வருமானம் போச்சு. இதற்கு மேல், ஆல்பம் மென்பொருளின் கருவிப்பட்டை நாள் முழுக்க அதே இடத்தில் அசையாமல் நிற்கும். ஓஎல்இடியில் அது காலப்போக்கில் தடமாகப் பதியும் ஆபத்து உண்டு. எவ்வளவு காலத்தில் என்பதை நான் சொந்தமாகப் பார்த்ததில்லை, சோதித்துப் பார்க்கும் துணிச்சலும் இல்லை. ஒளியைக் குறைத்தால் பல ஓஎல்இடி திரைகள் நொடிக்கு 240 முறை அணைந்து எரியும். சிலருக்குத் தலைவலி வரும், எனக்கு வருமா என்பதற்கே இன்னும் பதில் இல்லை. படம் பார்க்கவும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்குகிறவர் இதையெல்லாம் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஓஎல்இடியே வாங்கலாம்.

பேனல் மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பழைய திரைக்காக அளந்து எடுத்து வைத்த நிறத் திருத்தக் கோப்பு, அதாவது ஐசிசி ப்ரொஃபைல், விண்டோஸில் அப்படியே தங்கியிருக்கும். அதை நீக்கிவிட்டுப் புதுத் திரையை மறுபடி அளந்த பிறகே முதல் ஆல்பத்தைத் திறங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரைப் படங்களை ஒரு பென் டிரைவில் கொண்டுபோய், சரியாக எரியாத செத்த புள்ளி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை அதுவரை உரிக்க விடாதீர்கள். உரித்த பேனலைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.